டேப்லெட் சார்ஜிங் கேபிள்: ஆறு மாதத்தில் கழுத்து உடையாமல் இருக்க எதைப் பார்த்து வாங்குவது?

கயல்_திருச்சி

வீட்டில் இருப்பது சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ். பிளக் பாயிண்ட் கட்டிலிலிருந்து தள்ளி இருப்பதால் 2 மீட்டர் கேபிள் வேண்டும். பிள்ளைகள் சார்ஜ் ஏறும்போதே படுத்துக்கொண்டு பாடம் பார்ப்பார்கள், அதைத் தடுக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு கேபிள் போகிறது. ஒவ்வொரு முறையும் டேப்லெட் பக்கத்து முனைதான் போகிறது. கடையில் "நைலான் பின்னல்", "240 வாட்", "30,000 முறை வளைத்துச் சோதித்தது" என்றெல்லாம் போட்டிருக்கிறது. இதில் எதை நம்பி வாங்குவது?

செம்புக்கம்பி

நீங்கள் சொன்ன மூன்றுமே உங்கள் பிரச்சினையைத் தீர்க்காது, கயல்.

கேபிள் நடுவில் அறுவது அபூர்வம். பிளக்கை ஒட்டிய முதல் இரண்டு செ.மீ.தான் போகும். அந்த இடத்தைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். பிளக் கல் மாதிரி இறுகியது, கேபிள் வளையக்கூடியது. இரண்டும் சேரும் கோட்டில்தான் வளைவு முழுவதும் குவிகிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வயரும் தலைமுடி போன்ற செப்பு இழைகளின் கற்றை. ஒரே இடத்தில் வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் இழைகள் ஒன்றொன்றாக அறும். மிச்சம் இருக்கும் இழைகள் மொத்தக் கரண்டையும் சுமப்பதால் அந்த இடம் சூடாகும். சூட்டில் மேலுறை இறுகும், இறுகியது இன்னும் சுலபமாக விரியும். அதனால்தான் முதலில் சார்ஜ் மெதுவாகிறது, பிறகு ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் ஏறுகிறது, கடைசியில் நின்றுவிடுகிறது.

எனவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது கழுத்தில் இருக்கும் ரப்பர் உறை. 12 முதல் 15 மி.மீ. நீளமாவது இருக்க வேண்டும். கேபிளை நோக்கிப் போகப் போக மெலிய வேண்டும். குறுக்கே வெட்டுகள் அல்லது வளையங்கள் இருந்தால் நல்லது. பிளக்கை ஒரு கையில் பிடித்து, கேபிளை மறு கையால் மெல்ல மடக்கிப் பாருங்கள். வில் மாதிரி வளைந்தால் வாங்கலாம். ஒரே புள்ளியில் முழங்கை மாதிரி மடிந்தால் வேண்டாம். உறையே பிளக் அளவுக்கு இறுகியிருந்தாலும் வேண்டாம். அது உடையும் இடத்தை 15 மி.மீ. தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான்.

30,000 முறை என்ற எண்ணுக்கு, எத்தனை டிகிரி வளைத்தார்கள், கீழே எவ்வளவு எடை தொங்கவிட்டார்கள் என்பது கூட இல்லாவிட்டால் பொருள் கிடையாது. பக்கத்துக்கு 60 டிகிரி, 200 கிராம் எடை என்பது ஒரு சோதனை. 90 டிகிரி, 500 கிராம் என்பது முற்றிலும் வேறு சோதனை.

நைலான் பின்னல் உராய்வுக்கு நல்லது. கட்டில் சட்டம், மேசை விளிம்பு, கதவிடுக்கு இவற்றிலிருந்து மேலுறையைக் காப்பாற்றும். வளைவிலிருந்து காப்பாற்றாது. அதோடு, பின்னலுக்கு உள்ளே உறை விரிந்திருந்தால் வெளியே தெரியாது. இழுவையைத் தாங்குவது உள்ளே நெடுக ஓடும் அராமிட் நூல், அதாவது கெவ்லார் வகை நூல். அது இருக்கிறதா என்று அட்டையில் தேடுங்கள்.

மின்வாசகன்

240 வாட் பற்றி. ஏ9 பிளஸ் எடுத்துக்கொள்வது அதிகபட்சம் 15 வாட், அதாவது 9 வோல்ட்டில் 1.67 ஆம்பியர். இரு முனையிலும் டைப்-சி பிளக் உள்ள சி-டு-சி கேபிளில் இரண்டே மின் தரங்கள்தான் இப்போது முறையானவை: 3 ஆம்பியர் தாங்கும் 60 வாட், 5 ஆம்பியர் தாங்கும் 240 வாட். முன்பு இருந்த 100 வாட் வகைக்குப் பதிலாக 2021-இல் 240 வாட் வந்தது. இரண்டாவது வகையில் "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று சார்ஜருக்குச் சொல்லும் ஈ-மார்க்கர் சிப் கட்டாயம். உங்களுக்கு 60 வாட் கேபிளே தாராளம்.

டேப் எஸ்9 போல 45 வாட் ஏறும் டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. 45 வாட் என்பதால் 60 வாட் கேபிள் போதும் என்று நினைப்பார்கள். சாம்சங்கின் 45 வாட் வேகத்துக்கு 3 ஆம்பியருக்கு மேல் கரண்ட் போக வேண்டும். எனவே 5 ஆம்பியர் கேபிள் இல்லாவிட்டால் அந்த வேகம் கிடைக்காது.

வோல்ட்மீட்டர்

வாட் கணக்கில் நண்பர் சொல்வது சரி. ஆனால் 2 மீட்டர் என்றவுடன் கம்பியின் கனத்தைப் பார்த்தே ஆக வேண்டும். கனத்தை ஏ.டபிள்யூ.ஜி. என்ற எண்ணால் சொல்வார்கள். செப்புக் கம்பியின் தடை, ஒரு மீட்டருக்கு:

28 ஏ.டபிள்யூ.ஜி: 0.213 ஓம்
24: 0.084
22: 0.053
20: 0.033

எண் குறையக் குறையக் கம்பி தடிமன். கரண்ட் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்பதால் 2 மீட்டர் கேபிளில் 4 மீட்டர் கம்பி. 24-இல் அது 0.34 ஓம். பழைய 5 வோல்ட் சார்ஜரில் 2 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.68 வோல்ட் போய்விடும். டேப்லெட்டுக்குக் கிடைப்பது 4.3 சொச்சம். அது உடனே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். 28-ஆக இருந்தால் 1.7 வோல்ட் காலி, சார்ஜ் ஏறுவதே பெரும்பாடு.

அதே 24 கம்பியில் 9 வோல்ட், 1.67 ஆம்பியர் போனால் விழுவது 0.56 வோல்ட்தான். 15 வாட்டில் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே வீண். நீளமான கேபிள் வேண்டும் என்பவர்கள் முதலில் 9 வோல்ட் தரும் பி.டி., அதாவது யூ.எஸ்.பி. பவர் டெலிவரி சார்ஜருக்கு மாற வேண்டும். கேபிளை மட்டும் மாற்றினால் பாதித் தீர்வுதான்.

யூ.எஸ்.பி. டைப்-சி தரவிதிப்படி, கேபிள் எவ்வளவு நீளமானாலும், முழுக் கரண்டில் போகும் கம்பியில் 0.5 வோல்ட், திரும்பும் கம்பியில் 0.25 வோல்ட், இதற்கு மேல் விழக் கூடாது. 3 ஆம்பியர் கேபிளுக்கு மொத்தத்தில் 0.25 ஓம். ஆகவே முறையான 2 மீட்டர் 60 வாட் கேபிளில் கிட்டத்தட்ட 22 கனத்துக்குக் கம்பி இருந்தே தீர வேண்டும். இந்தத் தரவிதிப்படி சான்றிதழ் பெற்ற கேபிளா என்று பார்ப்பதன் பயன் இதுதான்.

செம்புக்கம்பி

இதை அப்படியே நீட்டினால் "தடித்த கேபிள்தான் உழைக்கும்" என்று முடியும். அது தவறு. 5 ஆம்பியருக்கு மொத்தத் தடை 0.15 ஓமுக்குள் வர வேண்டும். 2 மீட்டரில் அதற்கு 20 கனம் தேவைப்படும். கேபிள் அந்த அளவுக்கு விறைத்தால் பிள்ளைகள் டேப்லெட்டைத் திருப்பும்போது கேபிள் வளையாது, போர்ட்டை நெம்பும். கேபிள் போனால் சில நூறு ரூபாய், போர்ட் போனால் சர்வீஸ் சென்டர். கட்டிலில் படுத்துப் பார்ப்பவர்களுக்கு மெல்லிய, தொங்கவிட்டால் துவண்டு விழும் 60 வாட் கேபிளே மேல். 240 வாட் வகையிலும் சிலிக்கான் உறை போட்டுத் துவளச் செய்தவை உண்டு. அவற்றை மறுக்கவில்லை.

இன்னொன்று. "40 ஜி.பி.பி.எஸ்", "4கே வீடியோ" என்று இருக்கும் கேபிள்களைச் சார்ஜுக்காக வாங்க வேண்டாம். வெறும் யூ.எஸ்.பி. 2.0 சி-டு-சி கேபிளுக்குள் ஐந்தாறு வயர்கள்தான். அந்த வேக வகைகளில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வயர், தனித்தனி ஷீல்டு. தடிமனும் கூடும், வளைவும் பிடிக்காது. ஆப்பிளின் 240 வாட் கேபிளே டேட்டாவில் யூ.எஸ்.பி. 2.0 தான்.

வோல்ட்மீட்டர்

துவளும் கேபிள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிலிக்கானில் ஒரு குறை: பிளேடு, பூனை நகம், கூரான கட்டில் விளிம்பு எது பட்டாலும் கீறும், கீறல் ஓடும். தூசியும் ஒட்டும். தரையில் கிடந்து நாற்காலிக் கால் ஏறும் இடத்துக்கு நைலான், கட்டிலுக்குச் சிலிக்கான் அல்லது மென்மையான டி.பி.இ. (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்) உறை என்று பிரித்துக்கொள்ளலாம்.

கயல்_திருச்சி

கம்பியின் கனத்தைக் கடையில் எப்படித் தெரிந்துகொள்வது? கேபிள் மேலேயே ஏதோ பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும், அதுவா?

பட்டறை_செல்வம்

அதேதான். கேபிள் உடம்புல நெடுக அச்சடிச்சிருக்கும். 28-ஐத் தொடர்ந்து 1பி, 24-ஐத் தொடர்ந்து 2சி-ன்னு ரெண்டு ஜோடி இருந்தா, டேட்டா ஜோடி 28 கனம், பவர் வயர் ரெண்டும் 24 கனம்னு அர்த்தம். நீங்க பார்க்க வேண்டியது ரெண்டாவது எண். ரெண்டுமே 28-ன்னா கீழ வச்சிடுங்க. நைலான் பின்னல் போட்டதுல இந்த அச்சு தெரியாது. அப்ப அட்டையில இருக்கற ஆம்பியர் எண்ணை மட்டுந்தான் நம்பணும்.

அச்சுல பொய்யும் இருக்கு. முக்கியமா செப்பு பூசின அலுமினியம். தடை ஒன்றரை மடங்கு, வளைக்க வளைக்கச் சீக்கிரம் ஒடியும், ஈயமும் ஒழுங்காப் பிடிக்காது. செத்துப்போன கேபிள் கையில இருந்தா வெட்டி ஒரு இழையைப் பிளேடால சுரண்டிப் பாருங்க. வெளிய செப்பு நிறம், உள்ள வெள்ளைன்னா அலுமினியம். வெளிய வெள்ளை, உள்ள செப்புன்னா அது ஈயம் பூசின நல்ல காப்பர், ஏமாந்துடாதீங்க, அதைத் தூக்கிப் போட வேண்டியதில்ல. அதே பெயர்ல அடுத்தது வாங்கலாமா வேண்டாமான்னு அதுலயே தெரிஞ்சிடும்.

பிளக்கோட இரும்புக் கூட்டையும் பாருங்க. பக்கவாட்டுல மடிச்சு இணைச்ச கோடு தெரிஞ்சா அது மலிவு வகை, நெம்பினா கோடு விரியும். கோடே இல்லாம ஒரே தகட்டுல இழுத்துச் செஞ்சது உறுதி. டைப்-சியில பிடிச்சு நிறுத்தற ஸ்பிரிங் பிளக்குக்குள்ளதான் இருக்கு, டேப்லெட்ல இல்ல. தேயறது கேபிளாத்தான் இருக்கணும்னு யோசிச்சுப் பண்ண வடிவம் அது. அதனால பிளக் லொடலொடன்னு ஆச்சுன்னா முதல்ல வேற கேபிள் போட்டுப் பாருங்க. அதுக்கு முன்னாடி, போர்ட்டுக்குள்ள துணித் தூசி அடைச்சிருக்கான்னும் பார்த்துடுங்க. பிளக் முழுசா இறங்காம ஒரு மி.மீ. வெளிய நின்னா தூசிதான். டேப்லெட்டை ஆஃப் பண்ணிட்டு மரப் பல்குச்சியை மெலிசாச் சீவி, நடுவுல இருக்கற நாக்கைத் தொடாம ஓரமா எடுக்கணும். குண்டூசி கூடவே கூடாது.

வோல்ட்மீட்டர்

வாங்கிய பிறகு சோதிக்க ஒரு டைப்-சி யூ.எஸ்.பி. மீட்டர் போதும். சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கும்.

டேப்லெட் சார்ஜ் 20-க்கும் 60 சதவீதத்துக்கும் இடையில் இருக்கும்போது செய்யுங்கள், கரண்ட் நிலையாக இருக்கும். மீட்டரைச் சார்ஜர் பக்கம் மாட்டி வோல்ட், ஆம்பியர் இரண்டையும் குறியுங்கள். பிறகு மீட்டரை டேப்லெட் பக்கம் மாட்டி வோல்ட்டைக் குறியுங்கள். இரண்டு வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆம்பியரால் வகுத்தால் கேபிளின் தடை. சார்ஜர் பக்கம் 9.05, டேப்லெட் பக்கம் 8.68, கரண்ட் 1.6 என்றால் 0.37-ஐ 1.6-ஆல் வகுக்க 0.23 ஓம். 2 மீட்டருக்கு நல்ல கேபிள். 0.4-ஐத் தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது கழுத்தை மெல்ல இப்படியும் அப்படியும் அசையுங்கள். டேப்லெட் பக்க வோல்ட் துள்ளினால் இழைகள் அறத் தொடங்கிவிட்டன. அந்தக் கேபிளை இரவில் மெத்தை மேல் போட்டுச் சார்ஜ் செய்யாதீர்கள். சூடாகும் இடம் அந்தக் கழுத்துதான்.

நாகை_ரஹீம்

எல் வடிவ பிளக் பற்றி யாரும் சொல்லவில்லையே? கேபிள் பக்கவாட்டில் போய்விடும், கழுத்து மடங்காது. காந்த முனைக் கேபிள்களும் இருக்கின்றன, யாராவது இழுத்தால் தானே கழன்றுவிடும்.

பட்டறை_செல்வம்

எல் வடிவம் ஸ்டாண்டுல நிறுத்திப் பார்க்கறவங்களுக்கும், படுக்கையா ரெண்டு கையில பிடிச்சு விளையாடறவங்களுக்கும் ரொம்ப நல்லது. ஆனா ஏ9 பிளஸ்ல போர்ட் குட்டையான பக்கத்துல இருக்கு. நெட்டுக்குத்தா வயித்து மேல நிறுத்திப் படிச்சா எல் பிளக் மேலேயே மொத்த எடையும் உட்காரும். நேர் பிளக்குன்னாலும் அதே கதைதான். அந்தப் பழக்கம் இருந்தா டேப்லெட்டைத் தலைகீழாப் பிடிக்கச் சொல்லுங்க, திரை தானாத் திரும்பிக்கும், கேபிள் மேல் பக்கமா வந்துடும். இதுக்குக் காசே கிடையாது, எந்தக் கேபிளுக்கும் ஆயுசு கூடும்.

காந்த முனை வேண்டாம் ரஹீம் பாய். டைப்-சி தரவிதியில அப்படி ஒரு இணைப்பே இல்ல. பின் எல்லாம் வெளிய தெரியும், காந்தம் இரும்புத் துகளை இழுத்து ரெண்டு பின்னுக்குப் பாலம் போடும். கரண்ட் ஓடும்போதே கழன்றா பொறி பறந்து பின் கருகும்.

மின்வாசகன்

ஒரு பக்கம் பெரிய தட்டை யூ.எஸ்.பி.-ஏ, மறுபக்கம் டைப்-சி என்று இருக்கும் கேபிளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் வீட்டில் அந்தச் சார்ஜர்தான் இருக்கிறது. அந்தக் கேபிளின் சி முனைக்குள் 56 கிலோ ஓம் தடை ஒன்று இருக்க வேண்டும். டேப்லெட் அதைப் பார்த்துத்தான் "இது பழைய சார்ஜர், அளவாக இழுக்க வேண்டும்" என்று புரிந்துகொள்ளும். மலிவுக் கேபிள்களில் 10 கிலோ ஓம் போட்டிருப்பார்கள். அது "3 ஆம்பியர் இழுத்துக்கொள்" என்ற பொய்ச் செய்தி. சார்ஜர் அதைத் தாங்காவிட்டால் சூடாகும், கருவியும் கெடலாம். 2015-இல் கூகுள் பொறியாளர் பென்சன் லியூங் இணையத்தில் விற்ற கேபிள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதிய பிறகுதான் இது பரவலாகத் தெரிந்தது.

சி-டு-சி கேபிளில் இந்தச் சிக்கலே இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு, சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது முக்கியம். சி-டு-சி கேபிளைச் சார்ஜரில் மாட்டி மறுமுனையைச் சும்மா தொங்கவிட்டால் அந்த முனையில் மின்சாரம் இருக்காது. கருவி மாட்டியிருப்பதை உணர்ந்த பிறகே சார்ஜர் 5 வோல்ட்டைத் திறக்கும். ஏ-டு-சி கேபிளில் தொங்கும் முனையில் எப்போதும் 5 வோல்ட் இருக்கும். உப்புக் காற்றோ எச்சிலோ பட்டால் பவர் பின் அரித்துக் கறுக்கும்.

நாகை_ரஹீம்

எங்கள் ஊரில் பின் கறுப்பதற்குக் காரணம் இப்போது புரிகிறது, நன்றி. பழைய ஐபேட் 9-ம் தலைமுறை, லைட்னிங் கேபிள். ஒரே ஒரு பின் மட்டும் கறுத்திருக்கிறது. அழிரப்பரால் தேய்க்கலாமா?

மின்வாசகன்

வேண்டாம், தங்கப் பூச்சு போய்விடும். அதன் பிறகு இன்னும் வேகமாக அரிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். கறை போகாவிட்டால் கேபிளை மாற்றுவதே சரி, இல்லாவிட்டால் அந்தக் கரி ஐபேடின் உள்முனையையும் கெடுக்கும். லைட்னிங்கில் ஆப்பிளின் எம்.எஃப்.ஐ. அனுமதி பெற்ற கேபிளையே வாங்குங்கள். பிளக்குக்குள் சிப் உண்டு, போலி சிப் இருந்தால் கருவி சார்ஜை மறுக்கலாம்.

கயல்_திருச்சி

கழுத்தில் பேனா ஸ்பிரிங் சுற்றுவது, எம்-சீல் போடுவது இவையெல்லாம் பயன் தருமா? புதுக் கேபிளுக்கு முன்கூட்டியே ஏதாவது செய்து வைக்கலாமா?

செம்புக்கம்பி

எம்-சீல் கல்லாக இறுகும். உடையும் புள்ளி எம்-சீல் முடியும் இடத்துக்கு நகரும், அவ்வளவே. பேனா ஸ்பிரிங் சீக்கிரம் நழுவும், முனை குத்தி மேலுறையைக் கிழிக்கவும் செய்யும். இன்சுலேஷன் டேப் நம் ஊர் வெயிலுக்குப் பிசினாக வழியும்.

செய்யத் தகுந்தது உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாய், அதாவது சூடு காட்டினால் சுருங்கும் குழாய், கேபிள் புதிதாக இருக்கும்போதே. டைப்-சி பிளக்கின் பிடி தரவிதிப்படி 12.35 மி.மீ. அகலம், 6.5 மி.மீ. கனம் வரை இருக்கலாம். அதைத் தாண்டி நுழைந்து, பிறகு 4 மி.மீ. கேபிளையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பாதியாக மட்டும் சுருங்கும் சாதாரண 2:1 குழாய் அதற்குப் போதாது. 12.7 மி.மீ., 4:1 (கால் பங்காகச் சுருங்குவது) என்று கேட்டு வாங்குங்கள். முதலில் 40 மி.மீ. துண்டு: பிடியின் மேல் 8 மி.மீ., மீதி கேபிள் மேல். அது ஆறியதும் அதன் மேல் 25 மி.மீ. துண்டு, அதே இடத்தில் தொடங்கி. பிளக் பக்கம் இரண்டு அடுக்கு, கேபிள் பக்கம் ஓர் அடுக்கு என்று ஆவதால் விறைப்பு படிப்படியாகக் குறையும். ஹாட் ஏர் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். விளிம்பில் பசை கசிந்ததும் நிறுத்திவிடுங்கள். தலைமுடி உலர்த்தியின் சூடு போதாது. லைட்டர் நெருப்பு மேலுறையையே உருக்கும்.

சிலிக்கான் கேபிளுக்கு இது ஆகாது, பசை ஒட்டாது.

கயல்_திருச்சி

அப்படியானால் என் முடிவு: சான்றிதழ் பெற்ற 60 வாட் சி-டு-சி, யூ.எஸ்.பி. 2.0, 2 மீட்டர், டி.பி.இ. உறை, நேர் பிளக், 15 வாட்டுக்கு மேல் தரும் பி.டி. சார்ஜர். கேபிளை அடாப்டரைச் சுற்றிச் சுருட்டி வைக்கும் வழக்கம் உண்டு. அதையும் விட வேண்டுமா?

பட்டறை_செல்வம்

கட்டாயம் விடணும். அடாப்டரைச் சுத்தினா முதல் சுத்தே கழுத்துல தொண்ணூறு டிகிரி மடிப்பு. ரெண்டு முனையும் தளர்வா தொங்கற மாதிரி, விரிச்ச உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாச் சுருட்டி ஒரு வெல்க்ரோ பட்டை போட்டு வைங்க. கழட்டறப்ப கேபிளைப் பிடிச்சு இழுக்காம பிளக்கைப் பிடிச்சு நேரா இழுக்கச் சொல்லுங்க. உறை போட்ட டேப்லெட்னா பிளக்கோட பிடி உறையோட ஓட்டைக்குள்ள முழுசா இறங்குதான்னு கடையிலயே மாட்டிப் பார்த்துடுங்க. ஹீட் ஷ்ரிங்க் போட்டா பிடி கொஞ்சம் தடிக்கும். ஓட்டை சின்னதா இருந்தா பிடி மேல ஏத்தற 8 மி.மீ.-ஐ 5 ஆக்கிக்குங்க.